கைக்கடிகாரமும் நிக்கல் ஒவ்வாமையும்: எவர்சில்வரா, டைட்டானியமா?

கைக்கடிகாரம் அணியும் இடத்தில் தோல் சிவந்து, அரித்து, சில வேளைகளில் நீர் கசியும் அளவுக்குப் புண்ணாவதை உங்களிலோ உங்கள் வீட்டாரிலோ ஒருவர் அனுபவித்திருக்கக்கூடும். வியர்வை ஒத்துக்கொள்ளவில்லை என்று சிலர் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் கடிகாரத்தை மறு கைக்கு மாற்றிக்கொள்கின்றனர். சில நாள்களில் அந்தக் கையிலும் அதே தடிப்பு தோன்றுகிறது. இத்தகைய தடிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதலில் ஐயப்பட வேண்டியது நிக்கல் என்னும் உலோகத்தின் மீதான ஒவ்வாமை.

இந்த ஒவ்வாமை உள்ளவர்கள் கடைக்குச் சென்றால் டைட்டானியம் கடிகாரம் வாங்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். அதன் விலையோ எவர்சில்வர் கடிகாரத்தைவிடப் பெரும்பாலும் கூடுதல். அந்தச் செலவு யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை, கடிகாரத்தை மாற்றாமலேயே தீரக்கூடிய சிக்கல் எது என்பதை நீங்கள் முடிவுசெய்ய இப்பக்கம் உதவும்.

நிக்கல் ஒவ்வாமை என்றால் என்ன?

உலோகங்களால் ஏற்படும் தோல் ஒவ்வாமைகளில் மிகப் பரவலானது நிக்கலால் ஏற்படுவதே. கவரிங் நகைகள், காதணிகளின் திருகாணி, பெல்ட் கொக்கி, ஜீன்ஸ் பொத்தான், மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம் ஆகியவை இதற்கு வழக்கமான வாயில்கள்.

உலோகம் தோலில் படுவதனால் மட்டும் ஒவ்வாமை வந்துவிடுவதில்லை. வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் அயனிகள் தோலுக்குள் ஊடுருவுகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதனை அயலானாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. இந்த முதற்கட்டத்தில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பின்னர் எப்போது நிக்கல் போதிய அளவில் தோலில் பட்டாலும் அந்த அணுக்கள் திரண்டு வந்து அழற்சியை உண்டாக்குகின்றன. ஒருமுறை ஏற்பட்ட இந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. இது தொற்றுநோய் அன்று; ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

அழற்சி உடனே தோன்றுவதில்லை என்பதைக் குறிப்பாக நினைவில் கொள்ளவும். நிக்கல் பட்ட பின் அரை நாள் முதல் மூன்று நாள்கள் வரை கழிந்தே அரிப்பு தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை திருமணத்துக்கு அணிந்து சென்ற கடிகாரத்தின் விளைவு செவ்வாய்க்கிழமை தெரியவரும். இடையில் உண்ட கத்திரிக்காயோ கருவாடோ பழியை ஏற்றுக்கொள்ளும். தோல் நோய் மருத்துவரிடம் செல்லும்போது அறிகுறி தொடங்கிய நாளை மட்டும் கூறாமல், அதற்கு முந்தைய மூன்று நாள்களில் அணிந்தவற்றையும் கூறுங்கள்.

"பத்து ஆண்டுகளாக இதே கடிகாரத்தைத்தான் கட்டுகிறேன், இப்போது மட்டும் ஏன்?" என்னும் கேள்வி இயல்பானது. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒவ்வாமை எந்த வயதிலும் புதிதாகத் தோன்றலாம். காது குத்திய பின் அணிந்த ஒரு கவரிங் தோட்டினால் உண்டான உணர்திறன், கடிகாரம் அணியும் இடத்தில் பின்னர் வெளிப்படலாம். மற்றொன்று, கடிகாரமே மாறியிருக்கலாம். மேற்பூச்சு தேய்ந்து அடியிலுள்ள உலோகம் வெளிப்படும்போது, அதுவரை மறைந்திருந்த நிக்கல் தோலில் படத் தொடங்குகிறது.

எல்லா அரிப்பும் ஒவ்வாமை அன்று

கடிகாரத்தின் அடியில் சோப்பு நுரை, வியர்வை, தூசு ஆகியவை தேங்கி நின்றாலே தோல் எரிச்சலடையும். பாத்திரம் கழுவுவோர், அடிக்கடி கைகழுவ வேண்டிய செவிலியர், சமையல் பணியாளர் ஆகியோரிடம் இதனை மிகுதியாகக் காணலாம். கோடைக்காலத்தில் வேர்க்குருவும் அங்கே தோன்றும். இந்த இரண்டுக்கும் உலோகத்தை மாற்றுவதால் பயன் இல்லை. கடிகாரத்தைத் தளர்த்தி அணிந்து, கையையும் கடிகாரத்தையும் உலர்வாக வைத்திருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றும் ஈரம் தேங்கும் இவ்விடத்தில் வரலாம். வட்டமாகப் பரவி, விளிம்பு மட்டும் சிவந்து செதில்விட்டு, நடுப்பகுதி தெளிந்து காணப்படுவது இதன் வழக்கமான தோற்றம். மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்தவை பல உள்ளன. அவற்றைப் பூஞ்சைத் தொற்றின் மீது தடவினால் அரிப்பு இரண்டு நாள் அடங்கும். தொற்றோ உள்ளுக்குள் பரவி, அதன் வழக்கமான தோற்றத்தையும் இழந்து, மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். என்ன நோய் என்று தெரியாத நிலையில் எந்தக் களிம்பையும் தடவ வேண்டாம்.

தடிப்பின் வடிவம் நல்ல துப்பு. கடிகாரத்தின் பின்மூடி படும் வட்டத்தில் மட்டும் தடிப்பு இருந்தால் பின்மூடியின் உலோகத்தை ஐயப்படலாம். மணிக்கட்டின் உட்புறத்தில், கொக்கி படும் சிறு இடத்தில் மட்டும் இருந்தால் கொக்கியே காரணமாகலாம். பட்டை லெதரோ ரப்பரோ ஆனாலும் கொக்கி உலோகம்தானே. பட்டை முழுவதும் படும் அளவுக்கு வளையமாகத் தடித்திருந்தால், பட்டை செய்த பொருளைக் கவனிக்க வேண்டும். மருத்துவரைக் காணச் செல்லும்போது அந்தக் கடிகாரத்தைக் கையில் அணியாமல் பையில் எடுத்துச் செல்லுங்கள். தடிப்பு முற்றியிருந்த நாளில் எடுத்த கைப்பேசிப் படமும் உதவும்.

எவர்சில்வரில் நிக்கல் உண்டு. ஆனாலும் பலருக்குப் பாதுகாப்பானது ஏன்?

நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகில் பல வகைகள் உள்ளன. சமையற்பாத்திரங்களில் 18/8 என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதில் 18 என்பது குரோமியத்தின் விழுக்காடு, 8 என்பது நிக்கலின் விழுக்காடு. தரமான கடிகாரங்களில் பெரும்பாலும் பயன்படுவது 316எல் என்னும் வகை. அதில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியமும், 10 முதல் 14 விழுக்காடு நிக்கலும், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் உள்ளன. சில விலையுயர்ந்த கடிகாரங்களில் பயன்படும் 904எல் வகையில் நிக்கல் 23 முதல் 28 விழுக்காடு வரை இருக்கிறது.

இந்த எண்களைக் கண்டவுடன் எவர்சில்வர் கடிகாரத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றலாம். அவசரம் வேண்டாம். தோலைப் பாதிப்பது உலோகத்தினுள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதன்று. அதிலிருந்து எவ்வளவு நிக்கல் வெளியேறுகிறது என்பதே. எஃகிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உருவாக்குகிறது. கீறல் விழுந்தாலும் அது மீண்டும் தானே உருவாகிக்கொள்ளும். அந்தப் படலம் நிக்கலை உள்ளேயே பூட்டி வைக்கிறது. ஆகவே 12 விழுக்காடு நிக்கல் கொண்ட நல்ல 316எல் எஃகு, மிக மெல்லிய நிக்கல் பூச்சு மட்டுமே கொண்ட பித்தளைக் கொக்கியைவிடப் பன்மடங்கு குறைவாகவே நிக்கலை வெளியிடுகிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பலர் தரமான எவர்சில்வர் கடிகாரத்தைத் தொல்லையின்றி அணிய முடிவது இதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கொண்டுவந்த விதியும் இந்தக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து ஒரு வாரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 நுண்கிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று அவ்விதி வரம்பிட்டது. காது, மூக்கு முதலியவற்றில் குத்திய துளைக்குள் செல்லும் அணிகளுக்கு வரம்பு இன்னும் கடுமையானது: 0.2 நுண்கிராம். பொருளைச் செயற்கை வியர்வையில் ஒரு வாரம் ஊறவைத்து, கரைந்து வந்த நிக்கலை அளந்து இது சோதிக்கப்படுகிறது. கடிகாரத்தின் விவரக் குறிப்பில் இந்த ஐரோப்பிய நிக்கல் வரம்புக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தால், "நிக்கல் இல்லாதது" என்னும் பொதுவான விளம்பரச் சொல்லைவிட அதனைக் கூடுதலாக நம்பலாம். எனினும் இந்த வரம்பு பெரும்பாலோரைக் காப்பதற்காக வகுக்கப்பட்டது. மிகுந்த உணர்திறன் உடையவர்களுக்கு அதற்குக் குறைந்த அளவும் அரிப்பை உண்டாக்கக்கூடும்.

எவர்சில்வரின் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. இயந்திரத்தில் கடைவதை எளிதாக்குவதற்காகக் கந்தகம் சேர்த்த எஃகு வகை ஒன்று உள்ளது. 303 என்பது அதன் எண். அது 316எல்லைவிட மிகுதியாக நிக்கலை வெளியிடும். சிறு திருகுகள், முட்களைத் திருப்பும் திருகு போன்ற உறுப்புகள் இத்தகைய எஃகால் செய்யப்பட்டிருக்கலாம். உப்பும் ஈரமும் தேங்கும் இடுக்குகளில் நல்ல எஃகின் படலமும் நாளடைவில் அரிக்கப்படும். செயினின் கண்ணிகளுக்கிடையே கருத்த அழுக்கு அடைந்திருந்தால் அதனை அலட்சியம் செய்ய வேண்டாம்.

அதைவிடப் பெரிய இடர், எவர்சில்வர் போலத் தோன்றும் ஆனால் எவர்சில்வர் அல்லாத கடிகாரங்கள். மலிவான கடிகாரங்களின் உறை பித்தளையாலோ துத்தநாகக் கலவையாலோ வார்க்கப்பட்டு, அதன்மேல் நிக்கலும் அதற்கும் மேல் குரோமியமும் பூசப்பட்டிருக்கும். பின்புறத்தில் "ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பேக்" என்று பொறித்திருந்தால், பின்மூடி மட்டுமே எவர்சில்வர் என்று பொருள். "பேஸ் மெட்டல்" என்னும் சொல் எங்கேனும் காணப்பட்டால் உறை பூச்சிட்ட உலோகம். "ஆல் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்" என்றிருந்தால் மட்டுமே உறையும் எவர்சில்வர் என்று கொள்ளலாம். எவர்சில்வரால் தமக்கு ஒவ்வாமை என்று கூறுவோர் பலர் உண்மையில் அணிந்திருந்தது பூச்சிட்ட பித்தளையாக இருக்கலாம்.

டைட்டானியத்தின் இயல்பு

கடிகாரங்களில் இரண்டு வகை டைட்டானியம் பெரிதும் பயன்படுகிறது. இரண்டாம் தரம் என்பது ஏறத்தாழத் தூய டைட்டானியம். ஐந்தாம் தரம் என்பதில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்திருக்கும். இவ்விரண்டிலும் நிக்கல் கலவைப் பொருளாகச் சேர்க்கப்படுவதில்லை. டைட்டானியத்தின் மேற்பரப்பிலும் ஆக்சைடு படலம் உருவாகிறது. வியர்வையும் கடல் நீரும் அதனை எளிதில் அரிப்பதில்லை. எலும்பு முறிவுக்குப் பொருத்தும் தகடுகளுக்கும் பல் பொருத்துகளுக்கும் இவ்வுலோகம் பயன்படுவதை அறிந்திருப்பீர்கள். டைட்டானியத்துக்கே ஒவ்வாமை ஏற்படுவது மிக அரிது.

இது புதுமையான பொருளும் அன்று. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் 1970இலேயே டைட்டானியம் உறை கொண்ட கைக்கடிகாரத்தை வெளியிட்டது. கடைவதும் மெருகிடுவதும் கடினமானதால் விலை கூடுதலாகவே இருந்துவருகிறது.

எடையில் வேறுபாடு பெரிது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 கிராம். எஃகில் 100 கிராம் எடையுள்ள உறையும் செயினும் டைட்டானியத்தில் 56 கிராம் அளவே இருக்கும். மூட்டுவலி உள்ளவர்களும் முதியவர்களும் இந்த வேறுபாட்டை நன்கு உணர்வார்கள்.

வலிமையான உலோகம் என்பதால் கீறலே விழாது என்று எதிர்பார்க்க வேண்டாம். தூய டைட்டானியத்தில் கீறல் எளிதில் விழும். ஐந்தாம் தரம் அதைவிடக் கடினமானது. சில நிறுவனங்கள் மேற்பரப்பைத் தனியே கடினப்படுத்தி விற்கின்றன. நிறமும் எவர்சில்வரின் வெண்மைப் பளபளப்பாக இராது. சற்றே சாம்பல் படிந்திருக்கும். டைட்டானியத் திருகுகள் இறுகிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே செயினில் கண்ணி கழற்றுவதற்கு அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரை நாடுவது நல்லது. கீறல் என்பது அழகைப் பொறுத்த குறை மட்டுமே. கீறல் விழுந்த டைட்டானியத்திலிருந்தும் நிக்கல் வெளியேறாது.

பெயரில் மட்டும் டைட்டானியம்

வாங்கும்போது ஏமாறும் இடம் இதுவே. "டைட்டானியம் கிரே" என்பது பல ஸ்மார்ட் வாட்ச்களில் நிறத்தின் பெயர் மட்டுமே. உறை அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். "டைட்டானியம் பூச்சு" என்றால் அடியில் இருப்பது வேறு உலோகம். பொன்னிறக் கடிகாரங்களில் பூசப்படும் டைட்டானியம் நைட்ரைடு உறுதியானதுதான். ஆனால் அது தேய்ந்தபின் தோலில் படுவது அடியிலுள்ள உலோகமே.

உண்மையான டைட்டானியம் உறை கொண்ட கடிகாரத்திலும் பின்மூடி, கொக்கி, செயின் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று எவர்சில்வராக இருப்பது வழக்கம். தோலில் படுவது உறையின் பக்கச்சுவர் அன்று, பின்மூடியும் கொக்கியும்தான். எனவே விற்பனையாளரிடம் கடிகாரம் டைட்டானியமா என்று கேட்காதீர்கள். "பின்மூடி எந்த உலோகம், கொக்கி எந்த உலோகம், செயின் எந்த உலோகம்" என்று தனித்தனியே கேளுங்கள். விடை தெரியாவிட்டால் பெட்டியிலுள்ள விவரச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். "ஹைப்போஅலர்ஜெனிக்" என்னும் சொல்லைக் கண்டு மட்டும் பணம் கொடுக்க வேண்டாம். எவ்வளவு நிக்கல் வெளியேறுகிறது என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை.

பட்டையையும் கவனியுங்கள்

உலோகத்தை மாற்றியும் அரிப்பு தீராதபோது பட்டையைச் சோதிக்க வேண்டும். லெதர் பட்டைகளில் பெரும்பாலானவை குரோமியம் உப்புகளால் பதனிடப்பட்டவை. குரோமியம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவை பொருந்தா. சிமென்ட் வேலை செய்வோருக்கு இந்த ஒவ்வாமை மிகுதி என்பதால், கட்டுமானத் தொழிலாளர்கள் இதனை மருத்துவரிடம் குறிப்பிட வேண்டும். ரப்பர் பட்டைகளில் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். நெய்த நைலான் பட்டை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். கடிகாரத்தின் பின்மூடிக்கு அடியில் செலுத்தி அணியும் ஒற்றைத் துண்டு நைலான் பட்டை, பின்மூடியைத் தோலில் படாமல் தடுக்கவும் செய்கிறது. பழைய எவர்சில்வர் கடிகாரத்தைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு இது செலவு குறைந்த வழி. அதன் கொக்கியும் வளையங்களும் உலோகம் என்பதை மறக்க வேண்டாம்; வாரத்துக்கு ஒருமுறையேனும் துவைத்து உலர்த்துங்கள்.

நாடித் துடிப்பை அளக்கும் ஸ்மார்ட் வாட்ச்களும் ஃபிட்னஸ் பட்டைகளும் தோலை ஒட்டி இறுக்கமாக, இரவும் பகலும் அணியப்படுகின்றன. உலோகத்தோடு அவற்றை ஒட்டப் பயன்படும் பசைகளும் தோலைப் பாதிக்கலாம். ஃபிட்பிட் நிறுவனத்தின் ஃபோர்ஸ் என்னும் கைப்பட்டை, அணிந்தவர்களுள் சிலருக்குத் தோல் அழற்சி ஏற்பட்டதால், 2014இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய கருவியை அணிபவராயின் நாள்தோறும் சில மணி நேரமேனும் கழற்றி வையுங்கள்.

உறுதிசெய்யும் வழி: பேட்ச் சோதனை

நிக்கல் ஒவ்வாமை உண்டா என்பதைத் தோல் நோய் மருத்துவர் பேட்ச் சோதனையால் உறுதிசெய்வார். நிக்கல் சல்பேட் உள்ளிட்ட பொருள்கள் சிறு வில்லைகளில் வைக்கப்பட்டு முதுகில் ஒட்டப்படும். 48 மணி நேரம் கழித்து அவை அகற்றப்பட்டு தோல் பார்க்கப்படும்; ஒரிரு நாள்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்க்கப்படும். இதில் ஊசி இல்லை. அந்த நாள்களில் முதுகை நனைக்கக் கூடாது. வியர்க்கும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகள் உட்கொள்பவராயின் முன்கூட்டியே தெரிவியுங்கள். அவை சோதனை முடிவை மறைத்துவிடும். மருத்துவர் கூறாமல் அம்மாத்திரைகளை நீங்களே நிறுத்தவும் கூடாது.

ஒவ்வாமைக்கென்று செய்யப்படும் ஐ.ஜி.ஈ. இரத்தப் பரிசோதனை வேறு வகை ஒவ்வாமையைக் கண்டறிவதற்கானது. அதனால் நிக்கல் தொடு ஒவ்வாமையைக் கண்டறிய இயலாது.

பொருளில் நிக்கல் கரைகிறதா என்று அறிய டைமெத்தில்கிளையாக்சைம் என்னும் கரைசலைப் பஞ்சில் நனைத்துத் தேய்க்கும் முறையும் உண்டு. நிக்கல் வெளியேறினால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். நல்ல எவர்சில்வரில் நிறம் மாறுவதில்லை. பூச்சிட்ட கொக்கிகளைப் பிடித்துக்கொடுக்க இது மிகவும் பயனுள்ளது.

எவருக்கு எது?

பேட்ச் சோதனையில் நிக்கல் ஒவ்வாமை உறுதியாகி, நல்ல எவர்சில்வர் கடிகாரத்தாலும் தடிப்பு வருகிறது என்றால், பின்மூடியும் கொக்கியும் உட்பட முழுவதும் டைட்டானியமான கடிகாரத்துக்குச் செலவிடுவது தகும். ஒவ்வாமை உண்டு, ஆயினும் இதுவரை அணிந்தது மலிவான பூச்சிட்ட கடிகாரமே என்றால், முதலில் 316எல் எவர்சில்வர் பின்மூடியும் நைலான் பட்டையும் கொண்ட கடிகாரத்தை நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் அணிந்து பார்க்கலாம். ஒரு வாரத்துக்குத் தோலில் மாற்றம் இல்லையெனில் நேரத்தைக் கூட்டலாம். முழுவதும் பிளாஸ்டிக் உறை கொண்ட கடிகாரமும் ஒரு நல்ல தெரிவுதான்; சிறுவர்களுக்கு முதலில் அதனையே பரிந்துரைக்கலாம். பின்மூடி மட்டும் உலோகமா என்று திருப்பிப் பாருங்கள்.

ஒவ்வாமையே இல்லாதவர், வருங்காலத்தில் வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் டைட்டானியம் வாங்கத் தேவையில்லை. அத்தகைய அக்கறை உடையவர்கள் குழந்தைகளுக்குக் காது குத்தும்போது அணிவிக்கும் தோட்டில் கவனம் செலுத்தினால் பயன் மிகுதி. புதிய துளையில் கவரிங் அணிவிக்காதீர்கள்.

பின்மூடியின் மீது நிறமற்ற நகப்பூச்சைத் தடவும் வழக்கம் பலரிடம் உள்ளது. அது சில நாள்களில் உரிந்துவிடும். நகப்பூச்சுக்கே சிலருக்கு ஒவ்வாமை உண்டு. அவசரத்துக்கு உதவுமேயன்றி நிலையான தீர்வாகாது.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

நீங்கள் பராமரிக்கும் நோயாளி கடிகாரம் அணிபவராயின், உலோகம் எதுவாயினும் சில இடங்களில் கடிகாரமே கூடாது. இரத்தச் சுத்திகரிப்புக்காக ஃபிஸ்டுலா அமைக்கப்பட்ட கையில் கடிகாரமோ வளையலோ அணிவிக்கக் கூடாது. அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு ஃபிஸ்டுலா அடைபட்டுவிடலாம். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள், அந்தப் பக்கக் கையில் இறுக்கமான எதையும் தவிர்க்க வேண்டும். கையில் அடிபட்டாலோ எலும்பு முறிந்திருக்கலாம் என்று ஐயம் ஏற்பட்டாலோ, வீக்கம் ஏறும் முன்பே கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் எந்தக் கடிகாரத்தையும் அணிந்து செல்லக் கூடாது. டைட்டானியம் காந்தத்தால் ஈர்க்கப்படாது என்பது உண்மையே. ஆனால் உள்ளே உள்ள மின்கலமும் எஃகு உறுப்புகளும் ஈர்க்கப்படக்கூடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஸ்மார்ட் வாட்சையும் அதன் காந்த சார்ஜரையும் கருவி உள்ள இடத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். உறங்கும்போது கையை மார்பின் மீது வைக்கும் பழக்கமுள்ளவர்கள் இரவில் அதனைக் கழற்றிவிடுவது நல்லது.

முதியவர்களின் தோல் காகிதம்போல் மெலிந்திருக்கும்; இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்பவராயின் சிறு உரசலும் பெரிய கருநீலத் திட்டாகும். கனமான செயின் கடிகாரத்தின் விளிம்பு அத்தகைய தோலைக் கிழித்துவிடும். அவர்களுக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் எடை குறைந்த கடிகாரமும் மென்மையான பட்டையும் ஏற்றவை. பக்கவாதம், நீண்டகால நீரிழிவு, தொழுநோய் ஆகியவற்றால் கையில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு அரிப்போ வலியோ தெரியாது. நாள்தோறும் குளிப்பாட்டும்போது கடிகாரம் இருந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவர்களைத் தூக்கிப் புரட்டும் முன் உங்கள் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

எலும்பு அல்லது மூட்டு அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட்டிருப்பவருக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தால், அதனை மருத்துவரிடம் முன்னதாகவே கூறுங்கள். தோலில் ஒவ்வாமை இருப்பதனால் உடலினுள் பொருத்தும் உலோகமும் ஒத்துக்கொள்ளாது என்று பொருளில்லை. எந்த உலோகம் பொருத்துவது என்பதை அவர் முடிவுசெய்வார்.

தூய்மையும் அணியும் முறையும்

கடிகாரத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக அணியுங்கள். வீடு திரும்பியவுடன் கழற்றி, பின்மூடியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். நீர் புகாத கடிகாரமாயின் வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்புக் கரைத்து, பழைய பல்துலக்கியால் செயின் கண்ணிகளைத் தேய்த்துக் கழுவலாம். நீர் புகாத தன்மை உறுதியில்லாதபோது செயினைக் கழற்றிய பின்னரே கழுவ வேண்டும். கடலில் குளித்தபின் நன்னீரில் அலசுவது கட்டாயம். கைகழுவும்போது கடிகாரத்தை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டையும் துடைத்த பிறகு கீழே இறக்குங்கள்.

தோல் புண்ணாகிவிட்டால்

கடிகாரத்தை உடனே கழற்றிவிடுங்கள். மறு கைக்கு மாற்ற வேண்டாம். அவ்விடத்தைத் தண்ணீரால் மென்மையாகக் கழுவி, ஒற்றி உலர்த்தி, மணமற்ற ஈரப்பதக் களிம்பையோ வாசலினையோ தடவுங்கள். மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சைச் சாறு முதலியவற்றை உடைந்த தோலின் மீது பூசினால் எரிச்சல் கூடலாம். சொறியாமல் இருப்பது கடினம். நகத்தைக் குறைத்து வெட்டுவதும் குளிர்ந்த ஈரத்துணியை வைப்பதும் உதவும். நிக்கலே காரணமாயின், அது விலகிய பின் இரண்டு மூன்று வாரங்களில் தோல் பெரும்பாலும் ஆறிவிடும். அழற்சி கடுமையாயின் மருத்துவர் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு பரிந்துரைப்பார். நிக்கல் குறைந்த உணவுமுறை மிகச் சிலருக்கே தேவைப்படும். மருத்துவர் கூறாமல் பருப்பு, கீரை, தானியங்களை நிறுத்திவிட வேண்டாம்.

இரண்டு வாரமாகியும் ஆறாத தடிப்பு, உடலின் வேறு இடங்களுக்குப் பரவும் தடிப்பு, காரணம் தெரியாத திரும்பத் திரும்ப வரும் அரிப்பு ஆகியவற்றுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகுங்கள். சீழ் வடிதல், காய்ச்சல், கடும் வலி, மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஏறும் செந்நிறக் கோடு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் தொற்று பரவுகிறது என்று பொருள். நீரிழிவு உள்ளவர்கள் குறிப்பாக, அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.